நூற்றுப்பத்துக்கு இறங்காத வெள்ளியங்கிரி

வெள்ளியங்கிரி வயிற்றை அறுத்துச் சின்னதாக்கிக்கொண்ட கதையைப் புதுச்சத்திரத்தில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். பாதிப் பேர் சொல்வது முழுப் பொய். மீதிப் பேர் சொல்வது, அவர்கள் அத்தைக்கு யாரோ சொன்னது. கூடவே இருந்து, என் ஆம்னி வேனையும் கொடுத்து, வேனோடு சேர்ந்து அசிங்கப்பட்டவன் நான் ஒருவன்தான். ஆகையால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு அடுத்தாற்போல் லாரிகளை எடை போடுகிற எடைமேடை. வெள்ளியங்கிரியின் மனைவி சௌந்திரமும் நானும் ஒரே கூட்டத்துக்காரர்கள், அதாவது ஒரே குலம். அதனால் அவளுக்கு நான் அண்ணன், அவனுக்கு மச்சான். இந்த உறவால் எனக்குக் கிடைத்த பலன், அவர்கள் வீட்டில் என்ன நடந்தாலும் இரண்டு தரப்பும் என் கடை வாசலில் வந்து நின்று முறையிடுவதுதான். இதற்கு நடுவில் பஞ்சரும் ஒட்ட வேண்டும்.

வெள்ளியங்கிரிக்கு நாற்பத்தெட்டு வயது. சொந்தமாக ஒரு பத்துச் சக்கர லாரி. இருபத்தைந்து வருடம் நாக்பூர், ராய்ப்பூர் என்று ஓட்டிக்கொண்டே இருந்தவன். லாரியில் ஏறினால்தான் அவன் முகத்தில் களை வரும். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருப்பான். உடம்பு வருடத்துக்கு வருடம் ஏறி நூற்று ஐம்பத்திரண்டு கிலோவில் நின்றது. நின்றது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் பிடித்து நிறுத்தினார்கள்.

காரணம் குறட்டை. அவர்கள் வீடு தோட்டத்துக்குள் தனியாக இருப்பதால் ஊர் தப்பித்தது. ஒரு முறை அவனோடு பெங்களூர் போய் ஒரே அறையில் தங்கியிருக்கிறேன். காலையில் பக்கத்து அறைக்காரர் என்னைப் பார்த்து, "உங்க ரூம்ல என்ன சார் ரிப்பேர் நடக்குது?" என்று கேட்டார்.

போன தை மாதம் நாக்பூரைத் தாண்டி ஒரு டோல்கேட் வரிசையில் அவன் வண்டி நின்றது. முன்னால் நாலே வண்டி. அவை நகர்வதற்குள் இவன் தூங்கிவிட்டான். ஸ்டீயரிங்கில் சாய்ந்த நெற்றி நேராக ஹாரனில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறு நிமிடம் ஓயாத ஹாரன். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் பதில் ஹாரன். டோல்கேட் ஆட்கள் கதவைத் திறந்து பார்த்து, ஆள் போய்விட்டான் என்று முடிவு கட்டி ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாராம். அப்போது பிணம் குறட்டை விட்டது.

இதை அவனே ஊருக்கு வந்து நடித்துக் காட்டினான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சௌந்திரம் மட்டும் சிரிக்கவில்லை.

"அது நின்ன வண்டிங்கண்ணா" என்றாள் என்னிடம். "ஓடற வண்டியா இருந்திருந்தா?"

எனக்கு அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

அவளே சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் இளஞ்செழியன் சோதித்துவிட்டு, கழுத்துச் சதை தூக்கத்தில் மூச்சுக்குழாயை அடைக்கிறது, ராத்திரி முழுக்க மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் ஸ்டீயரிங்கில் விழுகிறார் என்றார். முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்குவதற்கு நீளக் குழாய் வைத்த ஒரு மிஷின் கொடுத்தார்கள். இரண்டு நாள் மாட்டிவிட்டு, யானை முகத்தோடு தன்னால் தூங்க முடியாது என்று கழற்றி வைத்துவிட்டான். கடைசியில் சித்திரை முடிகிற நேரத்தில் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பாகத்தை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "நூத்திப்பத்துக்கு வாங்க, எல்லாம் சரியாயிரும்" என்று முதுகில் தட்டிச் சொன்னார்.

சௌந்திரம் அதைப் பிடித்துக்கொண்டாள். லாரிச் சாவி இரண்டில் ஒன்றைத் தன் தம்பி கந்தவேலிடம் கொடுத்து வண்டியை நாக்பூர் லைனுக்கு அனுப்பினாள். இன்னொன்றை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நூத்திப்பத்துங்க. அதுக்கு ஒரு கிலோ எச்சா இருந்தாலும் நீங்க வண்டியேறக் கூடாது. ஏறினீங்கன்னா நானும் முன்னாடி டயருக்கு அடியில வந்து படுத்துக்குவேன், பாத்துக்கங்க."

அவள் படுக்கக்கூடியவள்தான். வெள்ளியங்கிரிக்கும் அது தெரியும்.

அதன் பிறகு அவனுக்கு உலகத்தில் இருந்தது ஒரே எண். நூற்றுப்பத்து. அதற்கு இந்தப் பக்கம் வீட்டு நாற்காலி, அந்தப் பக்கம் லாரி.

முதல் மாதம் எடை மளமளவென்று இறங்கியது. அரை டம்ளர் மோரை அரை மணி நேரம் குடித்தான். முட்டை வெள்ளையை மசித்து ஸ்பூன் ஸ்பூனாகத் தின்றான். ஒரு மாத முடிவில் ஆஸ்பத்திரித் தராசில் நூற்று முப்பத்தொன்பது. பதின்மூன்று கிலோ போய்விட்டது. விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். மாதம் பதின்மூன்று என்றால் ஆடிக்குள் ஏறக்குறைய நூற்றுப்பத்து, ஆவணி முதல் தேதி நாக்பூர். கந்தவேலுக்குப் போன் போட்டு, "மாப்ள, சீட்டை ரொம்பப் பின்னாடி தள்ளிப்போடாத, நான் வாரேன்" என்றான்.

அதற்குப் பிறகு எடை நின்றுவிட்டது. அல்லது நின்றுவிட்டதாக அவன் நினைத்தான். எல்லாக் கூத்தும் இங்கேதான் ஆரம்பம்.

வீட்டில் ஒரு கண்ணாடித் தராசு இருந்தது. மகள் காலேஜுக்குப் போன காலத்தில் வாங்கியது. அது நூற்று இருபதுக்கு மேல் எண்ணே காட்டாது, வெறும் கோடுதான் காட்டும். "நம்மள மனுசனாவே மதிக்க மாட்டேங்குது" என்று அதைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டான். கோழித்தீவனக் கடையில் மூட்டை வைக்கிற தராசு இருக்கிறதே, கிராம் சுத்தமாகக் காட்டுமே என்று நான் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் மச்சான் என்பதே மறந்திருந்தது.

"தீவன மூட்டை ஏர்ற எடத்துல நான் ஏறுவனா? அதுமில்லாம அவன் தராசு அவன் சௌகரியத்துக்கு நிக்கும். எடைன்னா அரசாங்க முத்திரை இருக்கோணுங் மச்சான்."

அரசாங்க முத்திரை இருப்பது எடைமேடையில். இருபத்தைந்து வருடமாக அவனை நம்ப வைத்ததும் பயப்பட வைத்ததும் அதுதான். ஓவர்லோடு என்று அது சொன்னால் ஓவர்லோடுதான், அப்பீல் கிடையாது. லாரிக்காரன் வேறு எதை நம்புவான்?

அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிற பெண் மதுமதி. பி.காம் படித்தவள். ஆளை மட்டும் தனியாக நிறுத்தினால் மேடை சரியாகக் காட்டாது என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கு அவன் வழி வைத்திருந்தான். லோடை எப்படி எடை போடுகிறோம்? லோடோடு ஒரு தடவை, காலி வண்டியாக ஒரு தடவை, கழித்தால் லோடு. அதேபோல என் ஆம்னி வேனில் அவன் ஏறி உட்கார்ந்து ஒரு எடை, அவன் இறங்கிய பிறகு ஒரு எடை. இரண்டுக்கும் ஸ்டீயரிங்கில் நான். கழித்தால் வெள்ளியங்கிரி.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மேடை அறுபது டன் லாரிக்குக் கட்டியது. பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். ஆயிரத்து நாலு கிலோ இருந்தால் ஆயிரம் என்று காட்டும், ஆயிரத்து ஆறு இருந்தால் ஆயிரத்துப் பத்து என்று காட்டும். இப்படி இரண்டு உத்தேசத்தில் ஒன்றை ஒன்றிலிருந்து கழித்தால் என்ன வரும்? மதுமதி அதையும் சொன்னாள்.

"தெரியும் சாமி. இருவத்தஞ்சு வருசமா ஏர்றேன், எனக்குத் தெரியாதா? பத்துக் கிலோகூட எறங்கலைன்னா அது என்ன ஆபரேசன்? எறங்கினா தன்னால காட்டும்."

வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தது. பிறகு இரண்டு, மூன்று. நூற்று நாற்பது. நூற்று நாற்பது. நூற்று முப்பது. அன்றைக்கு எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான். மூன்றாம் நாள் மறுபடி நூற்று நாற்பது. இளநீர்க் காசைத் திருப்பிக் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தான். பெட்ரோல் போட்டிருந்தால் எனக்குத் திட்டு, போடாவிட்டாலும் திட்டு. ஒரு நாள் எடைக்கு நடுவில் நான் தும்மியதற்குக்கூட, "அசையாதீங் மச்சான், முள்ளு ஆடும்" என்றான். கம்ப்யூட்டர் எடைமேடையில் முள்ளே கிடையாது.

இந்தத் தீயில் எண்ணெய் ஊற்றியவன் ஜலகண்டாபுரம் அங்கமுத்து. தறி வைத்திருக்கிறவன். ஒரே நாளில், அடுத்தடுத்த கட்டிலில், இருவருக்கும் ஆபரேஷன். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணி நலம் விசாரிப்பான். விசாரிப்பது என்றால் தன் எடையைச் சொல்வது. "எனக்கு இருவத்தியெட்டுப் போயிருச்சுங்க. உங்களுக்கு எவ்வளவு?" பிறகு வாட்ஸாப்பில் ஒரு போட்டோ வரும். பழைய பேண்ட்டுக்குள் தானும் இன்னொருவனும் நிற்கலாம் என்பதுபோல இடுப்பை இழுத்துப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பான். வெள்ளியங்கிரி அதைப் பெரிதாக்கி, பேண்ட்டின் பின்பக்கம் கிளிப் போட்டிருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொல்வான். நானும் பார்த்திருக்கிறேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனி மாத முகூர்த்தத்தில் சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தான். இலை நிறையப் பரிமாறினார்கள். இவன் பருப்பு சாதம் மூன்று வாய் வைத்தான், வயிறு நிறைந்துவிட்டது, இலையை மூடினான். எங்கள் பக்கத்தில் சொந்தக்காரன் அப்படி இலையை மூடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மனசில் ஏதோ குறை. ஐந்து நிமிடத்தில் பெண்ணுடைய அப்பா, பெரியப்பா, இரண்டு மாமன்மார் வந்து கைகட்டி நின்றார்கள்.

"ஏனுங்க வெள்ளியங்கிரி, பத்திரிகை வெக்க நேர்ல வரலீன்னு கோவமுங்களா? தப்புத்தானுங்க. மன்னிச்சுக்கோணும்."

"அய்யோ, ஒண்ணுமில்லீங்க. வயிறு சின்னதுங்க."

அந்த வயிற்றை எல்லோரும் பார்த்தார்கள். நூற்று முப்பத்தைந்து கிலோ ஆள் வயிறு சின்னது என்றால் யார் நம்புவார்கள்? பெரியப்பாவுக்குக் கேலி செய்கிறான் என்றே பட்டுவிட்டது. கடைசியில் சமாதானத்துக்காக இவன் இன்னொரு வாய் பாயசம் குடித்து, மண்டபத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். திரும்பி வருவதற்குள், "தின்னறது மூணு வாய், ஒடம்பு எறங்கல, அப்ப எங்கியோ ஒளிஞ்சு தின்னறாப்லதான்" என்று பேச்சு பரவிவிட்டது. அவனே என்னிடம் வந்து, "நான் தூக்கத்துல எந்திரிச்சுத் தின்னறனா மச்சான்?" என்று சந்தேகமாகக் கேட்டான். சௌந்திரம் சமையலறையைப் பூட்டிப் பார்த்தாள். மறுவாரமும் மேடை நூற்று நாற்பது என்றது.

ஆடி இருபதாம் தேதிவாக்கில்தான் அந்தப் பெரிய சம்பவம். அன்று மேடை காட்டிய நிகர எடை நூற்று ஐம்பது.

இதில் ஒரு உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று என் வேனின் பின்பக்கம் ஒரு கார் டயர், ரிம்மோடு கிடந்தது. வெள்ளியங்கிரி உட்கார்ந்து முதல் எடை முடிந்தது. அவன் இறங்கிய நேரம் அந்த டயருக்குச் சொந்தக்காரர் வந்து, பின்கதவைத் திறந்து, டயரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பதினாறு கிலோ. பிறகு காலி எடை போட்டோம். கழித்ததில் அந்த டயரும் வெள்ளியங்கிரி கணக்கில் ஏறிவிட்டது. எனக்கு இது மத்தியானமே விளங்கிவிட்டது. உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு மாதமாக என் வேனுக்கும் தும்மலுக்கும் அவன் சொன்ன சொல்லெல்லாம் எனக்குள் கிடந்தது. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். சாயங்காலத்துக்குள் நிலைமை கைமீறிவிட்டது.

"மொளைச்சிருச்சுங் மச்சான்" என்று கடை வாசலில் வந்து உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. "அறுத்த வயிறு மறுக்கா மொளைச்சிருச்சு. பல்லிக்கு வாலு மொளைக்கலையா? அப்படித்தான்."

"மனுசனுக்கு மொளைக்காது மாப்ள."

"எனக்கு மொளைச்சிருச்சே. நான் இனி வண்டி ஏறப்போறதில்லீங்க. கந்தவேலு நேத்துப் போன் பண்ணினான். பின்னாடி இஞ்சின் சத்தம் கேக்குது. மேட்டுல நாலாவது கியர்ல இழுக்கறான். அது அழுகுதுங் மச்சான், எம்பட வண்டி. நான் இங்க நாக்காலில உக்காந்துட்டு மூணுக்கு மாத்துடா, மூணுக்கு மாத்துடான்னு போன்ல கத்தறேன். இந்தப் பொழப்புக்கு அந்த டோல்கேட்டுலயே போயிருக்கலாம்."

இதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கிவிட்டது. டயர் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் எழுந்து போய்விட்டான். நான் கெட்டவனில்லை. கொஞ்சம் லேட், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் மூன்றாம் மாதப் பரிசோதனை. என் வேனில்தான் சேலம் போனோம். முன்சீட்டில் அவன், மடியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. இருபத்துமூன்று எடைச் சீட்டு. டாக்டர் முகத்தில் வீசியெறிந்து நியாயம் கேட்கப் போவதாகச் சொன்னான். பின்சீட்டில் சௌந்திரம். வழக்கமாகச் சேலம் போகிற வரைக்கும் பேசுகிறவள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

டாக்டர் அறையில் என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். "எடை போட்டதே நான்தானுங்க" என்று சொல்லி உள்ளே போய் நின்றுகொண்டேன்.

வெள்ளியங்கிரி வீசியெறியவில்லை. மரியாதையாக இரண்டு கையாலும் கொடுத்தான். டாக்டர் மேலே இருந்த சீட்டை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"வண்டி, மாருதி ஆம்னி. பொருள், மரவள்ளிக் கிழங்கு. நிகர எடை, நூற்றைம்பது கிலோ." நிமிர்ந்தார். "கிழங்கு யாரு?"

"நானுங்க" என்றான் வெள்ளியங்கிரி.

பொருள் என்ன என்று நிரப்பாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் சீட்டே கொடுக்காது. மதுமதி பாவம், பட்டியலில் இருந்த கோழித்தீவனம், ஜல்லி, கிழங்கு மூன்றில் மரியாதையானது எது என்று யோசித்துப் போட்டிருக்கிறாள். நான் எடை போட்ட முறையை விளக்கினேன். அந்தச் சூட்டோடு டயர் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். வெள்ளியங்கிரி மெதுவாக என் பக்கம் திரும்பினான். டாக்டர் இருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் சிரித்து, இருமி, தண்ணீர் குடித்து, அவனை உள்ளே இருந்த தராசில் ஏறச் சொன்னார். நூற்று இருபத்தேழு கிலோ எண்ணூறு கிராம்.

"மூணு மாசத்துல இருபத்திநாலு கிலோ போயிருக்கு. நல்லாத்தாங்க போயிட்டிருக்கு. முதல் மாசம் வேகமா எறங்கும், அப்புறம் நிக்கற மாதிரி நிக்கும், மறுபடி எறங்கும். எல்லாருக்கும் அப்படித்தான்."

"அங்கமுத்துக்கு இருவத்தியெட்டுங்க."

"அவர் நூத்தியெண்பதுல ஆரம்பிச்சாரு. உங்களுக்கு அவர் என்ன போட்டியா?"

வெள்ளியங்கிரி தராசிலிருந்து இறங்கினான். போட்டிதான்.

"அப்ப நூத்திப்பத்துக்கு எப்பங்க வருவேன்? அது வந்தாத்தான் வண்டி ஏறச் சொன்னீங்க."

"நானா? நூத்திப்பத்துன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பேன். வண்டி ஓட்டறதுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்ல. தூக்கத்துல மூச்சு நிக்கறது சரியாச்சாங்கறதுதான் கேள்வி. குறட்டை இப்ப எப்படி இருக்கு?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? நான்தான் தூங்கிட்டிருப்பனே."

டாக்டர் சௌந்திரத்தைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மறுபடி கேட்டார்.

"நின்னு போச்சுங்க" என்றாள்.

"எப்பலேருந்து?"

"ஆனி இருவதுங்க. வெள்ளிக்கிழமை."

நான் விரல் விட்டு எண்ணினேன். அன்றைக்கு ஆடி மாதம் முடியப் போகிற தேதி.

"மொத நாளு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுங்க டாக்டர். இத்தன வருசமா அவரு ஊட்டுக்கு வந்தா அந்தச் சத்தத்துலதான் படுப்பேன். திடீர்னு சத்தத்தையே காணோம். உசுரு இருக்குதான்னு மூக்குக்கிட்ட வெரலு வெச்சுப் பாத்தேன். மூச்சு நெம்ப நல்லா வந்துச்சு, கொழந்த மாதிரி. அப்பறம் தெனமும் ரெண்டு மூணு தடவ எந்திரிச்சு வெரலு வெச்சுப் பாப்பேன். இன்னமும் பாக்கறேன்."

டாக்டர் பேனாவை எடுத்தார். அன்றே தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதை முடித்து நாலாம் நாள் ரிசல்ட் வாங்கப் போனோம். நன்றாக இருக்கிறது, பகலில் தாராளமாக ஓட்டலாம், ராத்திரி ஓட்டம் மட்டும் இன்னும் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்றார்.

ரிசல்ட்டோடு திரும்பி வருகிறோம். ஆண்டகளூர் கேட் தாண்டினோம். வெள்ளியங்கிரிதான் ஆரம்பித்தான், முன்னால் பார்த்தபடியே.

"நாப்பது நாளா அந்த மேடையில நாய் மாதிரி ஏறி எறங்கினேன். ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா அன்னிக்கே சாவியக் கேப்பீங்க."

"கேப்பேன். அதுக்கென்ன?"

நான் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

"கல்யாணமாயி இருவத்திமூணு வருசங்க. நீங்க சேந்தாப்பல நாலு நாளு ஊட்ல இருந்ததில்ல. லைனு, லோடு, லைனு. பாப்பா பொறந்தப்ப எங்க இருந்தீங்க? ராய்ப்பூரு. இப்பத்தான் மூணு மாசம் இருந்தீங்க. மோரக் குடிக்க அரைமணி நேரம் உக்காந்தீங்க. எதிர்ல நானும் உக்காந்தேன். எதோ பேசினோம். அது இன்னொரு பத்து நாளு இருக்கட்டும்னு பாத்தேன். பத்து நாளு பத்து நாளா நாப்பதாயிருச்சு." பிறகு, "நீங்க பல்லி வாலுன்னு அழுதப்பவே சொல்லியிருக்கோணும். தப்புத்தானுங்க" என்றாள்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் நீட்டினாள். அவன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எனக்கு மூக்கை உறிஞ்ச வேண்டும் போல இருந்தது, வண்டி ஓட்டுகிறவன் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையே அவன் நாக்பூருக்குக் கிளம்பிவிடுவான் என்று நான் நினைத்தேன். கந்தவேல் வண்டியைக் கொண்டுவந்து எடைமேடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தான். வெள்ளியங்கிரி ஒன்பது மணிக்கு வந்தான். வண்டியைச் சுற்றி வந்தான், டயரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான், கேபினில் ஏறி உட்கார்ந்தான். ஸ்டீயரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் அந்தப் பழைய களை வந்தது. பிறகு அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

டீக்கடையில் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். "என்னங்க, டாக்டர் என்ன சொன்னாரு? எப்ப வண்டியேறப் போறீங்க?"

வெள்ளியங்கிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னான். "எங்கீங்க, எடை எறங்கவே மாட்டேங்குதே. நூத்திப்பத்துக்கு வந்தாத்தான் ஓட்டோணுமாம். மெதுவாத்தான் எறங்குமாம். ஒரு மாசமும் ஆகலாம், ரெண்டு மாசமும் ஆகலாம்."

எனக்கு வந்ததே கோபம். இருபத்துமூன்று தடவை என் வேனை மேடையேற்றியவன் நான். வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டு, "ஆமாங்க, நெம்ப மெதுவா எறங்குது" என்றேன்.

"மாப்ள" என்று கந்தவேலைத் தோளில் தட்டினான். "இந்த ட்ரிப்பும் நீயே போயிட்டு வந்துரு. மேட்டுல மட்டும் மூணுக்கு மாத்து, கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

பிறகு போனில் மணி பார்த்தான். பரபரவென்று தோட்டத்துப் பக்கம் திரும்பினான்.

"எங்க மாப்ள, இத்தன அவசரமா?"

"அவ சந்தகைக்கு மாவு வேகவெச்சிருக்கறாளுங். ஆறிப்போனா பிழிய வராது. சேவை நாழி மரத்த அழுத்தறதுக்கு நான் போகோணும், ஒத்தையாளா பிழிய முடியாதுங் மச்சான்" என்றவன், பத்தடி போய்த் திரும்பி நின்று, நான் கேட்காமலே சொன்னான். "நான் ரெண்டு இழைதானுங் திம்பேன்."